ஒரு கிராமுக்கு எவ்வளவு? மளிகைக் கடையில் ஓரலகு முறை

நம் கணக்குப் புத்தகங்களில் வரும் கடைகளில் பெரும்பாலும் ஒரு பொருளுக்கு ஒரே விலைதான் இருக்கும். "ஒரு கிலோ துவரம்பருப்பு 160 ரூபாய் எனில் இரண்டரை கிலோவின் விலை என்ன?" என்று கேட்கிறோம். மாணவர் பெருக்கி 400 ரூபாய் என்று எழுதுகிறார். முழு மதிப்பெண் தருகிறோம்.

அதே மாணவர் மாலையில் கையில் பணத்துடன் தெருமுனைக் கடைக்குப் போகிறார். அங்கே அரை கிலோ பாக்கெட் ஒரு விலை, ஒரு கிலோ பாக்கெட் ஒரு விலை, சில்லறையாக நிறுத்துக் கொடுப்பது வேறு ஒரு விலை. பக்கத்துத் தெருக் கடையில் எல்லாமே சற்று மாறியிருக்கும். "எவ்வளவு?" என்ற கேள்வி அங்கே போதாது. "எதை வாங்குவது, எங்கே வாங்குவது?" என்பதே கேள்வி. இதற்கு விடை காணத் தேவையான கணிதம் புதியது அல்ல. ஆறாம் வகுப்பில் நாம் நடத்தும் ஓரலகு முறையேதான். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கும் பயிற்சி இல்லாததால், வகுப்பில் தெரிந்த கணக்கு கடை வாசலில் கைகொடுப்பதில்லை.

விலையை ஒப்பிடுதல் என்ற ஒரே கருத்தை மையமாக வைத்து, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை மூன்று அல்லது நான்கு பாடவேளைகளில் நடத்தக்கூடிய பாடம் ஒன்றை இக்கட்டுரை முன்வைக்கிறது. தொடக்க வகுப்புகளுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளும் வழியும் இறுதியில் தரப்பட்டுள்ளது. செயல்பாடுகளில் உள்ள விலைகள் அனைத்தும் கணக்குக்காகக் கொள்ளப்பட்டவை. உங்கள் ஊர்க் கடை விலைகளை இட்டு நடத்துவதே சிறப்பு.

ஆசிரியருக்கான பின்னணி: "அந்த விலைக்கே தருகிறோம்"

சில நாடுகளின் பெரிய அங்காடிகளில் ஒரு வழக்கம் உண்டு. இதே பொருள் வேறு கடையில் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது என்று வாடிக்கையாளர் காட்டினால், அந்த விலைக்கே இங்கும் தருவார்கள். இதை 'பிரைஸ் மேட்ச்' என்பார்கள். நாம் விலை ஈடு என்று சொல்லலாம். இங்கிலாந்தின் ஜான் லூயிஸ் நிறுவனம் 1925-இல் இத்தகைய வாக்குறுதியைத் தொடங்கியது. ஏறக்குறைய நூறு ஆண்டுகள் கழித்து 2022-இல் அதைக் கைவிட்டு, 2024-இல் மீண்டும் கொண்டுவந்தது. அந்நாட்டின் மளிகை அங்காடியான டெஸ்கோ, மலிவு விலைக்குப் பெயர்பெற்ற ஆல்டி கடையின் விலைக்கே பல பொருள்களைத் தருவதாக 2020 முதல் அறிவித்து வருகிறது.

நமக்கும் இது புதிதல்ல. "பக்கத்துக் கடையில அறுபதுக்குத் தர்றாங்களே அண்ணாச்சி, நீங்க மட்டும் அறுபத்தஞ்சு சொல்றீங்க?" என்று கேட்பது நம் வீட்டுப் பெரியவர்களுக்குக் கைவந்த கலை. வெளிநாட்டில் அதை அறிவிப்புப் பலகையில் எழுதி, நிபந்தனைகளோடு நடத்துகிறார்கள்.

ஆசிரியருக்குப் பயன்படுவது அந்த நிபந்தனைகளே. பொதுவாக, பொருள் அதே நிறுவனத்துடையதாக இருக்க வேண்டும், அதே அளவுடையதாக இருக்க வேண்டும், மற்றக் கடையில் இன்று கையிருப்பில் இருக்க வேண்டும். ஒரு கடையில் 500 கிராம் பருப்பு 84 ரூபாய், மற்றொன்றில் ஒரு கிலோ 160 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதல் கடையில் கிலோ 168 ரூபாய் ஆகிறது என்று நமக்குத் தெரிகிறது. ஆனாலும் "அளவு வேறு" என்று கூறி அந்தக் கடை விலையைக் குறைக்க மறுக்கலாம். எதை எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

இன்னொரு கோணமும் உண்டு. விலை ஈடு வாடிக்கையாளருக்கு எப்போதும் நன்மைதானா என்று பொருளியலாளர்கள் ஐயம் எழுப்பியிருக்கிறார்கள். நான் விலையைக் குறைத்தால் போட்டிக் கடையும் உடனே அதே விலைக்குத் தரும் என்றால், நான் எதற்காகக் குறைக்க வேண்டும்? இப்படி இரு கடைகளும் எண்ணினால் இரண்டிலும் விலை உயர்ந்தே நிற்கலாம். மேலும், ஒப்பிட்டுக் கேட்பவருக்கு மட்டும் விலை குறையும். கேட்காதவர் முழு விலை கொடுப்பார். கணக்குத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் ஒரே கடையில் இரு விலை என்று ஆகிவிடுகிறது. எட்டாம் வகுப்பில் இதை விவாதமாக வைக்கலாம்.

நம் நாட்டில் சட்டம் தரும் இரண்டு எண்கள்

சட்டமுறை எடையளவுச் சட்டம் 2009-இன் கீழ் வந்த 2011-ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருள் விதிகளின்படி, பொட்டலத்தின் மீது நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை முதலிய விவரங்கள் இருக்க வேண்டும். எம்.ஆர்.பி. என்று நாம் சொல்லும் அந்த விலை எல்லா வரிகளையும் உள்ளடக்கியது. மாணவர் பலர் அதுவே பொருளின் விலை என்று எண்ணுகின்றனர். 'அதிகபட்ச' என்ற சொல்லை வகுப்பில் அழுத்திச் சொல்லுங்கள். அது மேல் எல்லை. அதற்குக் கீழே விற்கலாம், மேலே விற்கக் கூடாது. குளிரூட்டி வைத்ததற்காக இரண்டு ரூபாய் கூடுதல் என்று கேட்பதும் இதில் அடங்கும்.

இரண்டாவது எண் பலர் கண்ணில் படுவதில்லை. 2021-இல் இவ்விதிகளில் ஒரு திருத்தம் வந்தது. அதுவரை சில பொருள்களை இன்னின்ன எடையில்தான் பொட்டலமிட வேண்டும் என்று ஒரு பட்டியல் இருந்தது. அது நீக்கப்பட்டது. அதற்கு ஈடாக, ஓர் அலகின் விலையையும் பொட்டலத்தில் அச்சிட வேண்டும் என்ற விதி சேர்க்கப்பட்டது. ஒரு கிலோவுக்குக் குறைவான பொட்டலத்தில் ஒரு கிராமின் விலை, ஒரு கிலோவுக்கு மேற்பட்டதில் ஒரு கிலோவின் விலை என்று இருக்கும். திரவங்களுக்கு மில்லி லிட்டர், லிட்டர் என்று கொள்வார்கள். எம்.ஆர்.பி.க்கு அருகே சிறிய எழுத்தில் "ரூ.0.21/கிராம்" என்பது போல அது இருக்கும்.

ஓரலகு முறையை அரசு விதியே பொட்டலத்தின் மேல் எழுதி வைத்திருக்கிறது என்று சொல்லி இப்பாடத்தைத் தொடங்கலாம்.

பாடத்தின் நோக்கங்கள்

இப்பாடத்தின் முடிவில் மாணவர்,

1. வெவ்வேறு எடையுள்ள பொட்டலங்களை ஒரே அலகுக்கு மாற்றி ஒப்பிடுவார்.
2. கிராம், கிலோ, மில்லி லிட்டர், லிட்டர் ஆகியவற்றைச் சரியாக மாற்றுவார்.
3. தள்ளுபடி, இலவசம், கூடுதல் எடை ஆகிய அறிவிப்புகளைச் சதவீதத்தில் எழுதுவார்.
4. போக்குவரத்துச் செலவையும் கணக்கில் சேர்த்து, எங்கே வாங்குவது என்று காரணத்தோடு கூறுவார்.

ஆறாம் வகுப்பில் விகிதம் மற்றும் விகிதசமம், பட்டியல், இலாபம் மற்றும் நட்டம். ஏழாம் வகுப்பில் நேர் விகிதம். எட்டாம் வகுப்பில் வாழ்வியல் கணிதம் ஆகிய பாடங்களோடு இதை இணைக்கலாம். சந்தை, நுகர்வோர் பாதுகாப்பு பற்றிப் படிக்கும்போது சமூக அறிவியல் ஆசிரியரும் சேர்ந்துகொண்டால் பாடம் நிறைவு பெறும்.

முன் தயாரிப்பு

காலிப் பொட்டலங்களும் அட்டைப் பெட்டிகளும் போதும். ஒரு வாரம் முன்பே சேர்க்கத் தொடங்குங்கள். பள்ளிக்கு அருகிலுள்ள கடையிலும், சத்துணவு மையத்திலும், ஆசிரியர்கள் வீட்டிலும் கேட்டுப் பெறலாம். "உங்கள் வீட்டுப் பொட்டலத்தைக் கொண்டு வா" என்று மாணவரைக் கேட்க வேண்டாம். காரணத்தைப் பின்னால் பார்ப்போம். சேர்த்தவற்றை வகுப்பின் ஒரு மூலையில் கடை போல அடுக்கி வையுங்கள்.

செயல்பாடு 1: எண்ணெயில் ஒளிந்திருக்கும் அலகு

இரண்டு எண்ணெய்ப் பாக்கெட்டுகளைக் கரும்பலகையில் எழுதுங்கள்.

அ – 1 லிட்டர், ரூ.182
ஆ – 800 கிராம், ரூ.164

எது மலிவு என்று கேட்டால் பெரும்பாலோர் உடனே ஆ என்பார்கள். 18 ரூபாய் குறைவு. சிலர் 800-ஐ 1000-த்தோடு ஒப்பிட்டுக் கணக்கிடத் தொடங்குவார்கள். அவர்களும் தவறுவார்கள். ஒன்று லிட்டரிலும் மற்றொன்று கிராமிலும் இருப்பதைக் கவனிக்க வைப்பதே இச்செயல்பாட்டின் நோக்கம்.

தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ எடை இருக்கும். சமையல் எண்ணெய் தண்ணீரில் மிதக்கும். எனவே ஒரு லிட்டர் எண்ணெய் அதைவிடக் குறைவாக, ஏறக்குறைய 910 கிராம்தான் இருக்கும். பல பாக்கெட்டுகளில் இவ்விரு அளவுகளையும் சேர்த்தே அச்சிட்டிருப்பார்கள். அடர்த்தி பற்றிய அறிவியல் பாடத்தை இங்கே நினைவூட்டலாம். இப்போது கணக்கு எளிது.

அ: 182 ÷ 910 = 0.20. எனவே 100 கிராம் 20 ரூபாய்.
ஆ: 164 ÷ 800 = 0.205. எனவே 100 கிராம் 20 ரூபாய் 50 காசு.

குறைந்த விலை எழுதிய பாக்கெட்டுதான் கூடுதல் விலை. லிட்டரை ஆயிரம் கிராம் என்று கொண்டவர்களுக்கு அ 18 ரூபாய் 20 காசு என்று கிடைத்திருக்கும். திசை சரி, அளவு தவறு.

அடுத்து, பொட்டலத்தில் அச்சிட்ட அலகு விலையைப் பார்க்கச் சொல்லுங்கள். 0.205 என்பது இரண்டு தசம இடத்திற்குத் திருத்தப்படும்போது 0.21 ஆகிறது. 0.21-ஐ 800-ஆல் பெருக்கினால் 168 ரூபாய் வருகிறது. உண்மை விலை 164. இந்த நான்கு ரூபாய் எங்கிருந்து வந்தது? முழுமையாக்கல் பாடத்திற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. அச்சிட்ட அலகு விலை வழிகாட்டும். வேறுபாடு சிறிதாக இருக்கும்போது நாமே வகுத்துப் பார்க்க வேண்டும்.

செயல்பாடு 2: சிறியது எப்போதும் விலை கூடுதலா?

"பெரிய பாக்கெட் வாங்கினால் லாபம்" என்று மாணவர்கள் பொதுவாக நம்புகிறார்கள். அதை அப்படியே ஏற்காமல் சோதிக்கச் செய்யுங்கள்.

தேயிலைத்தூள்: 20 கிராம் பாக்கெட் ரூ.10, 250 கிராம் பாக்கெட் ரூ.95.
100 கிராமுக்குச் சிறியதில் 50 ரூபாய், பெரியதில் 38 ரூபாய். நம்பிக்கை உறுதியானது.

ஷாம்பு: 6 மி.லி. சாஷே ரூ.2, 180 மி.லி. பாட்டில் ரூ.99.
180 மி.லி.க்கு 30 சாஷே தேவை. 30 × 2 = 60 ரூபாய். பாட்டிலைவிட 39 ரூபாய் குறைவு!

இரண்டாவது விடை வரும்போது வகுப்பில் சலசலப்பு எழும். நம் நாட்டில் ஷாம்புச் சந்தையில் இந்த நிலையை உண்மையாகவே பல சமயங்களில் காணலாம். இதற்குப் பின்னால் தமிழ்நாட்டு வரலாறு ஒன்று இருக்கிறது. கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன், முழுப் பாட்டில் வாங்க இயலாதவர்களுக்காகச் சிறு உறைகளில் ஷாம்புவை அடைத்து விற்பதில் முன்னோடியாக இருந்தார். அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் 1983-இல் சிக் ஷாம்புவைத் தொடங்கி, சிறு உறை விற்பனையை ஊர் ஊராகக் கொண்டு சென்றார். பல நிறுவனங்கள் அந்தச் சிறு உறைக்காகப் போட்டியிட்டதால் அதன் விலை தாழ்ந்தே நின்றது.

இங்கே பெற வேண்டிய முடிவு, 'சிறியது நல்லது' என்பதும் அல்ல, 'பெரியது நல்லது' என்பதும் அல்ல. காபித்தூள், பற்பசை, தேங்காய் எண்ணெய் என ஒவ்வொன்றையும் வகுத்துப் பார்த்தே சொல்ல முடியும். குழுவுக்கு நான்கு பொருள் கொடுத்து, முதலில் ஊகிக்கவும் பிறகு கணக்கிடவும் சொல்லுங்கள். எத்தனை ஊகம் சரியானது என்பதையும் குறித்து வைக்கச் சொல்லுங்கள்.

செயல்பாடு 3: ஐந்து ரூபாய் மாறவில்லை, பிஸ்கட் மாறியது

எட்டாம் வகுப்பிற்கு உரியது. 5 ரூபாய் பிஸ்கட் பாக்கெட் முன்பு 60 கிராம் இருந்தது, இப்போது 50 கிராம் என்று கொள்வோம். எடை எத்தனை சதவீதம் குறைந்தது? 10/60, அதாவது ஏறக்குறைய 16.67 சதவீதம். விலை எத்தனை சதவீதம் உயர்ந்தது? மாறவில்லை என்று மாணவர் சொல்வார். 100 கிராமுக்குக் கணக்கிடச் சொல்லுங்கள். 8.33 ரூபாய் 10 ரூபாயாகியிருக்கிறது. 20 சதவீத உயர்வு!

இதன் மறுபக்கம்: "அதே விலையில் 25% கூடுதல்" என்ற அறிவிப்பு. 100 கிராம் இருந்த இடத்தில் 125 கிராம். அலகு விலை 100/125, அதாவது 80 சதவீதமாகிறது. எனவே உண்மையான குறைவு 20 சதவீதம்தான். "மூன்று வாங்கினால் ஒன்று இலவசம்" என்பதில் நான்கு பொருளுக்கு மூன்றின் விலை தருகிறோம். தள்ளுபடி 25 சதவீதம். அதுவும் நான்கும் தேவைப்பட்டால்தான். தேவையில்லாத நான்காவது பொருளில் சேமிப்பு எதுவும் இல்லை.

செயல்பாடு 4: பேருந்து ஏறலாமா?

ஒரு குடும்பத்தின் மாதப் பட்டியல் அருகிலுள்ள கடையில் 640 ரூபாய், நகரத்துக் கடையில் 585 ரூபாய். சேமிப்பு 55 ரூபாய். பேருந்துக் கட்டணம் ஒருவழி 12 ரூபாய் எனில் போய்வர 24 ரூபாய். மிச்சம் 31 ரூபாய். ஆகும் நேரம் ஒன்றரை மணி. போகலாமா?

பட்டியலில் ஒரே ஒரு கிலோ பருப்பு மட்டும் இருந்து, அதில் 8 ரூபாய் குறையும் என்றால்? 24 ரூபாய் செலவழித்து 8 ரூபாய் மிச்சம் பிடிக்கிறோம். 16 ரூபாய் நட்டம்.

அப்பாவுக்குப் பதில் அம்மா போனால்? சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் மகளிருக்குக் கட்டணம் இல்லை. 55 ரூபாயும் மிச்சம். ஆனால் சுமையும் ஒன்றரை மணி நேரமும் அம்மாவுக்குத்தான். நேரத்துக்கு விலை உண்டா, அதை யார் தருகிறார்கள் என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது. மாணவர்களைப் பேச விடுங்கள். நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

செயல்பாடு 5: உழவர் சந்தைப் பலகை

காய்கறிக்கு எம்.ஆர்.பி. கிடையாது. ஆனால் ஒப்பிட ஓர் அளவுகோல் உண்டு. 1999-இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைகளில் நாள்தோறும் விலைப் பலகை எழுதப்படுகிறது. மொத்தச் சந்தை விலைக்கும் வெளிச்சந்தைச் சில்லறை விலைக்கும் இடைப்பட்டதாக அந்த விலையை அலுவலர்கள் நிர்ணயிக்கிறார்கள். விளைவித்தவருக்கும் வாங்குபவருக்கும் பொதுவான விலை ஈடு என்று இதைச் சொல்லலாம்.

அருகில் உழவர் சந்தை இருந்தால், தக்காளி, சின்ன வெங்காயம், கத்தரிக்காய் ஆகியவற்றின் பலகை விலையை ஒரு வாரம் குறித்து வர ஒரு குழுவிடம் சொல்லுங்கள். வெளிக்கடை விலையை மற்றொரு குழு குறிக்கட்டும். இரண்டையும் கோட்டு வரைபடமாக்கினால் புள்ளியியல் பாடமும் முடிந்துவிடும். சந்தை இல்லாத ஊர்களில் இரண்டு காய்கறிக் கடைகளைக் கொண்டே செய்யலாம். விலை குறித்து வரும் மாணவர் கடைக்காரரிடம் முதலில் காரணம் சொல்லி அனுமதி கேட்கப் பழக்குங்கள்.

கவனத்தில் கொள்ள வேண்டியது

இந்தப் பாடத்தைக் கணக்கோடு நிறுத்திவிட்டால் ஓர் ஆபத்து இருக்கிறது. தேயிலைத்தூள் கணக்குக்கு மீண்டும் வருவோம். ஒரு வீட்டில் மாதம் 500 கிராம் தேவை என்றால் சிறு பாக்கெட் 25 வாங்க வேண்டும், 250 ரூபாய். பெரிய பாக்கெட் இரண்டு, 190 ரூபாய். மாதம் 60 ரூபாய், ஆண்டுக்கு 720 ரூபாய் வேறுபாடு. இதைக் கரும்பலகையில் பார்க்கும் ஒரு குழந்தை, "எங்க அம்மா தினமும் பத்து ரூபாய் பாக்கெட்தான் வாங்குவாங்க" என்று நினைக்கும். அம்மாவுக்குக் கணக்குத் தெரியாது என்று அது முடிவு செய்துவிடக் கூடாது.

அந்த அம்மாவுக்குக் கணக்கு நன்றாகவே தெரியும். பெரிய பாக்கெட் வாங்க 95 ரூபாய் ஒரே நாளில் கையில் இருக்க வேண்டும். நாட்கூலி வரும் வீட்டில் அந்த 95 ரூபாயில் அன்றைய காய்கறி, பிள்ளையின் நோட்டு, அலைபேசிக் கட்டணம் எல்லாம் அடங்கியிருக்கும். அதேபோல், தெருமுனைக் கடையில் பொருள் இரண்டு ரூபாய் கூடுதலாக இருக்கலாம். ஆனால் அந்தக் கடையில் நோட்டில் எழுதிவைத்துக் கடன் கொடுப்பார்கள். நகரத்து அங்காடியில் கொடுக்க மாட்டார்கள். அலகு விலையில் தெரியாத இந்த வசதியும் ஒரு விலைதான்.

எனவே இந்த இடத்தில் வகுப்பிடம் கேட்க வேண்டிய கேள்வி: "இந்தக் குடும்பம் 720 ரூபாயை மிச்சப்படுத்த என்னென்ன வழி இருக்கிறது?" பக்கத்து வீட்டோடு சேர்ந்து 250 கிராம் பாக்கெட் ஒன்று வாங்கினால் ஆளுக்கு 125 கிராம், 47 ரூபாய் 50 காசு. சுயஉதவிக் குழுவில் பத்துப் பேர் சேர்ந்து மொத்தமாக வாங்கினால்? முதல் மாதம் மட்டும் சிறிது சேர்த்து ஒரு பெரிய பாக்கெட் வாங்கிவிட்டால், அதில் மிச்சமாகும் பணம் அடுத்ததற்கு உதவுமா? மாணவர்கள் நல்ல யோசனைகளைச் சொல்வார்கள். சில நேரம் அவர்கள் வீட்டில் ஏற்கெனவே நடப்பதையே சொல்வார்கள்.

இதனால்தான் வீட்டுப் பொட்டலத்தையும் வீட்டு ரசீதையும் கொண்டுவரச் சொல்ல வேண்டாம் என்றோம். எந்த வீட்டில் என்ன வாங்குகிறார்கள், எவ்வளவு கடன் என்பது வகுப்பில் பேசப்பட வேண்டிய செய்தி அல்ல. கணக்கு எப்போதும் "ஒரு குடும்பம்" பற்றியதாகவே இருக்கட்டும். ரேஷன் கடைப் பொருள்களைப் பற்றிப் பேசும்போதும் இதே கவனம் தேவை. அரிசியின் தரத்தைக் கேலி செய்யும் ஒரு சொல்லும் வகுப்பில் எழ இடம் தரக் கூடாது.

இன்னொன்று, கடைக்காரரைத் திருடராகச் சித்திரிக்க வேண்டாம். ஒரு மூட்டை வாங்குபவருக்கும் நூறு மூட்டை வாங்குபவருக்கும் மொத்த விலை ஒன்றாக இராது. சிறு கடையின் கூடுதல் விலைக்கு அதுவும் ஒரு காரணம். நம் மாணவர்களிலும் கடைக்காரரின் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டால் கொள்முதல் விலை, சேதாரம், வாடகை பற்றி வகுப்புக்கே பாடம் எடுப்பார்கள். விருப்பம் இருந்தால் மட்டும் கேளுங்கள்.

தொடக்க வகுப்புகளில்

எண்ணும் எழுத்தும் வகுப்புகளில் வகுத்தல் தேவையில்லை. கடை விளையாட்டே போதும். காகிதப் பணமும் காலிப் பெட்டிகளும் கொண்டு இரண்டு கடை வையுங்கள். ஒரு கடையில் பென்சில் 5 ரூபாய், மற்றொன்றில் மூன்று பென்சில் 12 ரூபாய். 15 ரூபாய் வைத்திருக்கும் குழந்தை எங்கே போகும்? முதல் கடையில் மூன்று பென்சில் வாங்கினால் மீதி இல்லை. இரண்டாவதில் 3 ரூபாய் மீதி. பிறகு, ஒரு பென்சில் மட்டும் தேவை என்றால் எங்கே போகலாம் என்று கேளுங்கள். இப்போது முதல் கடையே சரி. தேவை மாறினால் விடையும் மாறும் என்பதைக் குழந்தை விளையாட்டிலேயே உணர்ந்துவிடும்.

நான்கு, ஐந்தாம் வகுப்புகளில் தராசு, மணல், 100 கிராம் எடைக்கல் கொண்டு, 250 கிராம், 500 கிராம் பொட்டலங்களைக் கையில் தூக்கி உணரச் செய்யலாம். பெட்டி பெரிதாக இருந்தும் எடை குறைவாக இருக்கும் பொருள்களை வேண்டுமென்றே சேர்த்து வையுங்கள். கண்ணால் பார்த்து ஏமாறுவதும், எடை எண்ணைப் படித்துத் தெளிவதும் நல்ல அனுபவம்.

மதிப்பீடு

1. சலவைத்தூள் 500 கிராம் ரூ.62, 1 கிலோ ரூ.118, 4 கிலோ ரூ.452. ஒரு கிலோ விலையின் ஏறு வரிசையில் எழுதுக. (விடை: 4 கிலோ – ரூ.113, 1 கிலோ – ரூ.118, 500 கிராம் – ரூ.124)

2. ஒரு சோப்பு 60 ரூபாய். மூன்று வாங்கினால் ஒன்று இலவசம். ஒரு சோப்பின் உண்மை விலை என்ன? தள்ளுபடி எத்தனை சதவீதம்? (விடை: ரூ.45, 25 சதவீதம்)

3. நகரத்துக் கடையில் அரிசி கிலோவுக்கு 2 ரூபாய் குறைவு. பேருந்துக்குப் போய்வர 24 ரூபாய். எத்தனை கிலோவுக்கு மேல் வாங்கினால் பயணம் பயன்தரும்? (விடை: 12 கிலோவுக்கு மேல்)

4. எம்.ஆர்.பி. 250 ரூபாய் உள்ள பொருளுக்கு 20 சதவீதத் தள்ளுபடி. அதே தரமும் எடையும் உள்ள வேறு பொருள் தள்ளுபடி இன்றி 195 ரூபாய். எது மலிவு? தள்ளுபடி அறிவிப்பு உங்கள் முதல் எண்ணத்தை எப்படி மாற்றியது? (விடை: முதல் பொருள் ரூ.200 ஆவதால் இரண்டாவதே மலிவு. பின்பகுதி மாணவரின் சொந்தக் கருத்து.)

நான்காம் வினாவின் பின்பகுதிக்கு விடையைவிடக் காரணத்துக்கே மதிப்பெண் தருக.

தொடர் பணி

பள்ளியில் குடிமக்கள் நுகர்வோர் மன்றம் இருந்தால், இப்பாடத்தின் அட்டவணைகளை டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தில் காட்சிக்கு வைக்கலாம். 1986-இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்த நாள் அது. எம்.ஆர்.பி.க்கு மேல் விலை கேட்டால் அழைக்க வேண்டிய தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 என்பதை மாணவர் ஒவ்வொருவரும் எழுதி வைத்துக்கொள்ளட்டும்.

பாடம் முடிந்த பிறகு மாணவர் கடையில் நின்று பொட்டலத்தைத் திருப்பி, சிறிய எழுத்தில் உள்ள அந்த எண்ணைத் தேடினால் நம் வேலை முடிந்தது என்று கொள்ளலாம். அந்த எண்ணைக் கொண்டு எதை வாங்குவது என்று முடிவு செய்வது அவர் வீட்டாரின் உரிமை. அந்த முடிவைத் தெரிந்து எடுக்க உதவுவதே வகுப்பறைக் கணக்கின் பங்கு. உங்கள் ஊர் விலைகளை இட்டு ஒருமுறை நடத்திப் பாருங்கள். மாணவர்கள் சொன்ன வழிகளையும் குறித்து வையுங்கள்; அடுத்த ஆண்டு வகுப்புக்கு அவையே நல்ல வினாக்களாகும்.